அந்தப் பத்து வினாடியை ஓட்டாதீர்கள்

ஈச்சிலம்பற்றுச் சந்தியில் 'மிர்சாபூர்' பற்றி வாதாடும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாரே, தங்கைமாரே,

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கடை வாசலில் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. ரீலோட் போட வந்தவர்கள், போட்டோக் கொப்பி எடுக்க வந்தவர்கள், வயலால் வந்து சைக்கிளை நிறுத்தியவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் நின்றீர்கள். 'மிர்சாபூர்' என்ற இந்திக் கும்பல் தொடர் கெட்டுப் போய்விட்டதா இல்லையா என்பதுதான் வழக்கு. "முன்னா செத்த அண்டோட மிர்சாபூரும் செத்துப் போச்சு" என்றார் ஒருவர். "கலீன் பையாவைக் கட்டில்ல கிடத்தி வச்சா ஆர் பார்ப்பா?" என்றார் இன்னொருவர். "குட்டு பண்டிட் ஒருத்தன் காணும்" என்று மூன்றாமவர் மறித்தார். குரல் ஏறியது. ஒருவர் சட்டையை மற்றவர் பிடிக்கும் அளவுக்கும் போனது.

அந்த நேரம் அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்து நின்ற ஒரு தங்கச்சி, "எனக்கு மூண்டாவது சீசன்தான் பிடிச்சது. அந்த அப்பாட கதை" என்று மெல்லச் சொன்னாள். எல்லோரும் சிரித்தீர்கள். அவள் காசைத் தந்துவிட்டு மீதியையும் வாங்காமல் போய்விட்டாள். அந்த முப்பது ரூபா இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது. இந்த மடலில் பாதி உங்களுக்கு, பாதி அவளுக்கு.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மிர்சாபூரின் தரம் இறங்கியது உண்மை. ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தால் அல்ல. நீங்கள் அடுக்கிய காரணங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: கொல்லுகிறவன் போய்விட்டான், கொலை குறைந்துவிட்டது, ஆகவே தொடர் கெட்டுவிட்டது. வேறெங்கும் யாரும் இப்படிச் சொல்லிவிட்டுப் போகட்டும். ஈச்சிலம்பற்றில் நின்றுகொண்டு நாங்கள் சொல்லலாமா என்று எனக்குள் கேள்வி கிடந்து குடைகிறது.

நீங்கள் பார்க்கும் விதத்தை நான் பல நாள் பார்த்திருக்கிறேன். கடை வாங்கில் ஒரு போன், அதைச் சுற்றி ஆறு தலை. முதல் சீசனின் கடைசி எபிசோட் ஓடிக்கொண்டிருந்தது. கலியாண வீட்டுக்குள் கும்பல் தலைவர் கலீன் பையாவின் மகன் முன்னா வருகிறான். துவக்கு வெடிக்கிறது. குட்டுவின் தம்பி பாப்லு போகிறான். குட்டுவின் மனைவி ஸ்வீட்டி, வயிற்றில் பிள்ளையோடு போகிறாள். போனைப் பிடித்திருந்த தம்பி அந்த இடத்தை மூன்று முறை பின்னுக்கு இழுத்தார். ஒவ்வொரு முறையும் "இதப் பார், இதப் பார்" என்றார். பிறகு அடுத்த சீசன். மகனையும் மருமகளையும் இழந்த வீடு. தாய் இருக்கிறாள், தகப்பன் இருக்கிறார், பேச்சில்லை. அந்தத் தம்பியின் பெருவிரல் திரையின் வலப்பக்கம் போனது. இரண்டு தட்டு. பத்து வினாடி முன்னே ஓடியது. இன்னும் இரண்டு தட்டு. இன்னும் பத்து. தாயின் முகம் ஒரு துள்ளலில் மறைந்து, அடுத்த துவக்கு வந்ததும்தான் விரல் ஓய்ந்தது.

தம்பி, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வயதில் என் கையில் இந்தப் போன் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் தட்டியிருப்பேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். கொலைக்குப் பிறகு வருவதையெல்லாம் ஓட்டிவிட்டுக் கொலையை மட்டும் பார்த்தால், மூன்றாவது சீசனில் உங்களுக்கு என்ன மிஞ்சும்? அந்தச் சீசனின் பெரும்பகுதி கொலைக்குப் பிறகு வருவதுதான். சாப்பாட்டை வைத்துவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கித் தின்றவர், கறி முடிந்ததும் பானை வெறும்பானை என்கிறார்.

இனி, உண்மையில் எங்கே சறுக்கியது என்று என் அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன்.

கரண் அன்ஷுமன், புனித் கிருஷ்ணா இருவரும் உருவாக்கிய மிர்சாபூர் 2018 நவம்பர் 16 அன்று அமேசன் பிரைமில் ஒன்பது எபிசோட்டுகளோடு வந்தது. அதன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். போதையில் ஆடும் முன்னா சுட்ட குண்டு மாப்பிள்ளையின் உயிரை எடுக்கிறது. பெற்றவர்கள் ஒரு நேர்மையான வக்கீலிடம் போகிறார்கள். வக்கீலை மிரட்ட முன்னா வீட்டுக்கே வருகிறான். வக்கீலின் மகன்மார் குட்டுவும் பாப்லுவும் அவனை அடித்துத் துரத்துகிறார்கள். அந்தத் துணிச்சலைக் கேள்விப்பட்ட கலீன் பையா, தண்டிப்பதற்குப் பதிலாக இருவருக்கும் தன் தொழிலில் வேலை கொடுக்கிறார். ஒரு குண்டு, அதிலிருந்து ஒரு வழக்கு, வழக்கிலிருந்து ஒரு சண்டை, சண்டையிலிருந்து ஒரு வேலை, வேலையிலிருந்து ஒரு குடும்பத்தின் அழிவு. ஒரு கண்ணியைக் கழற்றினால் முழுச் சங்கிலியும் கீழே விழும். கதை கட்டுவது என்றால் இதுதான். கலீன் பையாவாக வந்த பங்கஜ் திரிபாதி குரலை உயர்த்தாமலே நடுங்க வைத்தார் என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். அவர் நடிப்பு அப்படி எடுபட்டதற்கு அந்தச் சங்கிலியும் காரணம். அவர் ஒரு சொல் சொன்னால் நாலு எபிசோட்டுக்குப் பிறகு ஒரு வீடு இடியும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது.

2020 ஒக்டோபர் 23 அன்று வந்த இரண்டாவது சீசனில் சங்கிலி இளகத் தொடங்கியது. பழிவாங்கல் என்ற ஒரே கயிறு கதையை இழுத்தது. அதன் முடிவில் முன்னா செத்தான், கலீன் பையா காயத்தோடு தூக்கிச் செல்லப்பட்டார். பிறகு மூன்றரை வருடத்துக்கு மேலே இடைவெளி. 2024 ஜூலை 5 அன்று மூன்றாவது வந்தபோது, முதல் சீசனைப் பாடசாலைச் சீருடையோடு பார்த்த தம்பிமார் சிலர் கலியாணம் கட்டிவிட்டார்கள். யார் யாருக்குச் சொந்தம், யார் யாருக்குப் பகை என்பது பார்த்தவர்களின் நினைவிலிருந்து நழுவியிருந்தது. அந்தச் சீசனில் கதிரைக்கு ஆசைப்பட்டவர்களும் கூடிவிட்டார்கள். குட்டு, கோலு, சரத், முதலமைச்சராகிவிட்ட மாதுரி, பீனா என்று ஆளுக்கொரு திட்டம், ஆளுக்கொரு கூட்டணி. ஒருவர் செத்தால் அடுத்த எபிசோட்டில் அந்தச் சாவால் எதுவும் மாறவில்லை. இதுதான் என் முறைப்பாடு. கொலை குறைந்தது குறையல்ல. கொலைக்கு விலை இல்லாமல் போனதுதான் குறை. முதல் சீசனில் ஒரு மாப்பிள்ளையின் சாவு ஒன்பது எபிசோட்டை இழுத்தது. மூன்றாவதில் பெரிய தலைகள் விழுந்தும் கதை அசையவில்லை.

ஆனால் அதே சீசனுக்குள் ஒரு நல்ல கதையும் இருந்தது. வக்கீல் ரமாகாந்த் பண்டிட்டின் கதை. ராஜேஷ் தைலங் நடித்த தகப்பன். வாழ்நாள் முழுக்கச் சட்டம் சட்டம் என்று நின்ற மனிதர். கலீன் பையாவிடம் வேலைக்குப் போன பிள்ளைகளை வெறுத்தவர். இரண்டாவது சீசனின் முடிவில் அவரே தன் மகனுக்காக ஒரு பொலிஸ் அதிகாரியைச் சுடுகிறார். மூன்றாவதில் சிறையில் இருக்கிறார். தான் நம்பிய சட்டம் தன்னை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கே தெரியும். முதல் சீசனின் அந்தச் சங்கிலி அறுபடாமல் வந்து நின்ற ஒரே இடம் அதுதான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் வெடித்த குண்டு, அந்த மாப்பிள்ளைக்கு நீதி கேட்ட மனிதரின் கையிலேயே கடைசியில் துவக்காக வந்து சேர்ந்தது. அந்தத் தங்கச்சி "அப்பாட கதை" என்றது இதைத்தான். நீங்கள் சிரித்தது இதைப் பார்த்துத்தான். நீங்கள் பத்துப் பத்து வினாடியாக ஓட்டியதும் இதைத்தான்.

இந்தச் சண்டை உங்களோடு தொடங்கியதல்ல. நான் கட்டாரில் வேலை செய்த காலத்தில், எங்கள் அறையில் கோழிக்கோட்டு நண்பர் ஒருவர் இருந்தார். அவரிடம் ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதற்குள் 'தி சொப்ரானோஸ்' முழுவதும் இருந்தது. ஆறு சீசன், 86 எபிசோட். இரவு வேலை முடிந்து வந்து ஒன்று, வெள்ளிக்கிழமை விடுமுறையில் மூன்று என்று பார்த்து முடித்தோம். 1999 ஜனவரியில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்த அமெரிக்கத் தொடர் அது. நியூ ஜேர்சியில் ஒரு மாபியாக் கும்பலின் தலைவன் டோனி சொப்ரானோ. மயங்கி விழுகிறான், மனநல வைத்தியரிடம் போகிறான், தன் தாயைப் பற்றிக் கதைக்கிறான். ஜேம்ஸ் கண்டோல்பினி அவனாகவே வாழ்ந்தார். கும்பல் கதை என்றால் இன்றைக்கும் அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

அதைப் பார்த்தவர்களும் உங்களைப் போலவே சண்டை பிடித்தார்கள். 2002இல் நான்காவது சீசன் வந்தபோதே, வேகம் போய்விட்டது, குடும்பச் சண்டையும் கனவும் கூடிவிட்டன, சுடுவது குறைந்துவிட்டது என்று பலர் முணுமுணுத்தார்கள். எங்கள் அறையிலும் அதே வழக்குத்தான். நானும் குறை சொன்ன பக்கம்தான் நின்றேன்.

என் மனதை மாற்றியவை இரண்டு இடங்கள். ஒன்று, ஐந்தாவது சீசனில் ஏட்ரியானா என்ற பெண்ணின் சாவு. அவளைக் காருக்குள் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள். அவள் காய்ந்த இலைகளுக்கு மேலே தவழ்கிறாள். வெடிச்சத்தம் கேட்கிறது. ஆனால் அவள் விழுவதை எங்களுக்குக் காட்டவில்லை. பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அறைக்குள் ஒருவரும் அன்றைக்குக் கதைக்கவில்லை. மற்றது, கடைசி எபிசோட். ஒருகாலத்தில் அந்தக் கும்பலை நடத்திய, டோனியையே சுட்ட அவன் பெரியப்பா ஜூனியர், நினைவு தப்பி ஒரு விடுதியில் இருக்கிறார். டோனி பார்க்கப் போகிறான். நீங்களும் என் அப்பாவும் ஒருகாலத்தில் இந்தப் பகுதியையே ஆண்டீர்கள் என்று நினைவூட்டுகிறான். கிழவர், ஓ, நல்லது என்பதுபோல் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் இருக்கிறார். இத்தனை பேரைக் கொன்று பிடித்த கதிரை அது. அதில் இருந்தவருக்கே அது நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு உணவுக் கடை. டோனி மனைவியோடும் மகனோடும் இருக்கிறான். மகள் வெளியே காரை நிறுத்திக்கொண்டிருக்கிறாள். கதவு மணி அடிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறான். திரை கறுப்பாகிறது. சத்தமும் இல்லை. ஒளிபரப்பான இரவில் தங்கள் கேபிள் அறுந்துவிட்டது என்று நினைத்தவர்கள் ஏராளம். ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தவர்களும் ஏராளம். அதை உருவாக்கிய டேவிட் சேஸைப் பின்னாளில் உறுத்தியது வேறொன்று. இத்தனை வருடம் டோனியின் அட்டூழியங்களோடு சேர்ந்து களித்தவர்களே, கடைசியில் அவன் செத்து விழுவதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டார்களே என்பதுதான் அவர் மனத்தாங்கல்.

சொப்ரானோஸிலும் குறை உண்டு. டோனியின் தாயாக நடித்த நான்சி மார்ச்சண்ட் 2000இல் இறந்துபோனார். அவருடைய பழைய காட்சிகளைக் கொண்டு கணினியில் ஒட்டிச் செய்த ஒரு காட்சி அடுத்த சீசனில் வருகிறது. இன்றைக்குப் பார்த்தாலும் ஒட்டு ஒட்டாகத் தெரியும். தொடங்கிவிட்டு விட்டுவிட்ட கிளைக் கதைகளும் உண்டு. ஆனாலும் போகப் போக அது மெதுவானதை இறக்கம் என்று நான் இப்போது சொல்லமாட்டேன். அந்த மனிதர்களின் வாழ்க்கை உள்ளே வெறுமையாகிக்கொண்டு போனது. கதையும் அதோடு சேர்ந்து வெறுமையாகிக் காட்டியது. மிர்சாபூரும் மூன்றாவது சீசனில் அதைத்தான் செய்யப் பார்த்தது. மெதுவானது அதன் பிழையல்ல. மெதுவாகியும் உள்ளே போகாமல் மேலாலே சுற்றியதுதான் பிழை.

இந்த வித்தியாசத்தைப் பிடிக்க வெளிநாட்டுத் தொடர்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கத்துக் கூத்தே போதும். நான் சின்னவனாக இருந்தபோது என் மாமா வடமோடிக் கூத்தாடுவார். துரியோதனன் கொலுவுக்கு வருகிறான் என்றால் களரி அதிரும். கரப்புடுப்பும் கிரீடமும் மின்ன, மத்தளம் ஏற ஏற அவன் சுழன்று ஆடுவான். சீழ்க்கை அடிப்பதும் சால்வை போடுவதும் அவனுக்குத்தான். கெட்டவனின் ஆட்டத்தை ரசிப்பது உங்களோடு வந்த பழக்கமல்ல. அது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது. அதில் குற்றமும் இல்லை.

ஆனால் 'பதின்மூன்றாம் போர்' கூத்தில் அபிமன்யு விழுந்த பிறகு என்ன நடக்கும் தெரியுமா? விடியப்புறம் மூன்று, நாலு மணி. பிள்ளைகள் பாயில் நித்திரை. சண்டை முடிந்ததும் எழும்பிப் போகிறவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். பெற்றவளின் புலம்பல் தொடங்கும். மத்தளம் தணியும். அம்மம்மாமார் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இருப்பார்கள். அந்தப் புலம்பல் அரை மணித்தியாலம் போனாலும் அண்ணாவியாரைச் சுருக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. சுருக்கினால்தான் பேச்சு வரும். "ஆட்டம் நல்லம், அழுகை காணாது" என்பது எங்கள் ஊர்க் கிழவிகள் ஒரு கூத்துக்குச் சொன்ன மிகக் கடுமையான விமர்சனம். அதில் ஒரு முழு அளவுகோல் இருக்கிறது. துரியோதனன் ஆடுவதற்கும் அந்தத் தாய் அழுவதற்கும் ஒரே களரியில் சம இடம் இருந்தது. அதனால்தான் அவன் ஆட்டத்தை ரசித்தவர்கள் அவன் பக்கம் சாயவில்லை.

வீட்டில் அம்மாமார் சன் டிவியில் 'எதிர்நீச்சல்' பார்த்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஒரு அதிகார வெறியனின் கதைதான், வீட்டுக்குள் நடக்கும் அதிகாரம். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பர் 8 அன்று திடீரென இறந்துபோனார். வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். 2024 ஜூனில் தொடர் முடியும் வரைக்கும் எங்கள் கிணற்றடியிலும் கடைத் தெருவிலும் ஒரே வாதம். ஆனால் அவர்கள் எதைப் பற்றி வாதாடினார்கள் என்று கவனித்தீர்களா? "புது மனிசன் வந்த பிறகு அந்தப் பெட்டையளுக்கு எதிர்த்து நிக்கிறதுக்குச் சரியான ஆள் இல்லாமப் போச்சு" என்று என் பெரியம்மா சொன்னார். எவ்வளவு துல்லியமான பேச்சு! வில்லன் வேண்டும் என்பது அவர் ஏக்கமல்ல. அவனை எதிர்த்து நிற்பவர்களின் உயரம் குறைந்துவிட்டது என்பது அவர் கவலை. முன்னாவைப் பற்றி உங்களில் ஒருவராவது இப்படிச் சொல்லியிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன்.

ஏக்கத்துக்குத் தீனி போடுவது சுலபம். மூன்றாவது சீசனில் முன்னா இல்லையே என்ற கூச்சல் எழுந்ததும், 2024 ஓகஸ்ட்டில் அவனை வைத்தே ஒரு துணை எபிசோட் விட்டார்கள். பிறகு அவன் திரும்பி வருகிற திரைப்படத்தையும் அறிவித்தார்கள். செத்தவனைச் செத்தவனாக இருக்க விட எங்களுக்கு மனமில்லை. நாங்கள் கேட்பதைத்தான் அவர்கள் தருவார்கள். ஆகவே தரம் இறங்கிய குற்றத்தில் எழுதியவர்களுக்கு ஒரு பங்கு என்றால், பெருவிரலுக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது ஊர்க் கதைக்கு வருகிறேன்.

மிர்சாபூர் உண்மையில் உள்ள ஊர். கங்கைக் கரையில், உத்தரப் பிரதேசத்தில் இருக்கிறது. 'கலீன்' என்றால் கம்பளம். அந்தப் பக்கத்து நெசவாளர்கள் கையால் நெய்யும் கம்பளங்கள் உலகம் முழுக்கப் போகின்றன. பக்கத்தில் விந்தியவாசினி கோயில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோர் மனதிலும் வருவது நாட்டுத் துவக்கு. எங்கள் ஊரின் பெயரையே கெடுத்துவிட்டார்கள் என்று அந்த ஊர்வாசி ஒருவர் போட்ட வழக்கில் 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர்களுக்கு அறிவித்தல் அனுப்பியது. தொடரைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கருத்தல்ல. ஆனால் அந்த மனிதரின் வலி எனக்கு விளங்குகிறது. ஈச்சிலம்பற்று என்ற பெயர் பத்திரிகையில் வந்ததெல்லாம் எப்போது? ஷெல் விழுந்தபோது, சனம் இடம்பெயர்ந்தபோது, வெருகல் ஆறு பெருகியபோது. பூநகரில் விளையும் நெல்லுக்கோ வெருகல் கோயில் திருவிழாவுக்கோ எங்கள் பெயர் வெளியில் தெரிவதில்லை.

இன்னொன்று. இந்திய நேரத்தைக் கணிக்கும் 82½ பாகை நெடுங்கோடு மிர்சாபூருக்கு அருகால்தான் போகிறது. 2006 ஏப்ரலில் இலங்கையும் தன் கடிகாரத்தை அதே நேரத்துக்குத் திருப்பியது. அந்த மாதத்தில்தான் மூதூர் கிழக்கில் குண்டுகள் விழத் தொடங்கின. சம்பூர்ப் பக்கத்துச் சனம் ஈச்சிலம்பற்றுக்கு ஓடி வந்தது. வருடம் முடிவதற்குள் வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து வெருகலைக் கடந்து வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனோம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. உங்களில் பலர் பிறக்கவில்லை, அல்லது தாயின் இடுப்பில் இருந்தீர்கள்.

2007இல் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவு நிலைகூட இல்லை. அறைக்குள் யாருடையவோ ஆடுகள் படுத்திருந்தன. அதைத் திருத்திவிட்டோம். திருத்த முடியாததைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருந்தார். மகன் இல்லை என்றாகிவிட்டது. அதற்கு ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும். அப்போது துறைகளில் இப்போதுள்ள பாலங்கள் இல்லை. விடிய எழும்பிப் பஸ்ஸில் போய், பாதைப் படகில் ஏறித் துறை கடந்து, அலுவலகத்தில் வரிசையில் நின்று, ஒரு கடதாசி குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, பின்னேரம் வீடு வருவார். அடுத்த கிழமை திரும்பப் போவார். எத்தனை தரம் போனார் என்று நான் எண்ணவில்லை. ஒருநாள் அவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். இறந்தவரின் தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "படிச்சிக்கொண்டிருந்தவன் எண்டு எழுது மனே" என்றார்.

ஒரு துவக்குச் சத்தம் ஒரு வினாடி. அந்த அம்மாவின் அலைச்சல் வருடக்கணக்கு. அதை முன்னுக்கு ஓட்ட அவருக்கு ஒரு விரலும் இருக்கவில்லை. கும்பல் கதைகள் அந்த ஒரு வினாடியை எங்களுக்கு விற்கின்றன. நல்ல கும்பல் கதை எதுவென்றால், அந்த ஒரு வினாடியோடு சேர்த்து அந்த வருடங்களையும் எங்கள் மடியில் இறக்கி வைப்பது. சொப்ரானோஸ் கடைசியில் அதைச் செய்தது. மிர்சாபூர் அந்தத் தகப்பனின் கதையில் கொஞ்சம் செய்தது, மற்ற இடங்களில் தவறவிட்டது. தரம் இறங்கியதா என்று அளக்க எனக்குத் தெரிந்த கோல் இதுதான்.

பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கலீன் பையாவின் மிடுக்கை ரசியுங்கள், முன்னாவாக நடித்த திவ்யேந்துவின் கண்களை ரசியுங்கள். சண்டையும் பிடியுங்கள். ஒரு ஊரின் இளம் பிள்ளைகள் ஒரு கதையைப் பற்றி இவ்வளவு உயிரோடு வாதாடுவது எனக்குச் சந்தோசம். ஆனால் அடுத்த முறை வாதாடும்போது, யார் செத்தார்கள் என்பதோடு நிற்காமல், அந்தச் சாவுக்குப் பிறகு கதையில் யாருடைய வாழ்க்கை மாறியது என்றும் கேளுங்கள். அழுகைக்கு இடம் கொடுத்தார்களா, கொடுத்தும் பொய்யாக அழ வைத்தார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளோடு மிர்சாபூரை நீங்கள் கிழித்துப் போட்டாலும் நான் உங்கள் பக்கம்தான்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நான் ரீலோட் போடமாட்டேன், கொப்பி எடுக்கமாட்டேன். வாங்குகளை உள்ளே எடுத்து வைக்கிறேன். பிளேன்டீ என் செலவு. மூன்றாவது சீசனில் அந்தத் தகப்பன் சிறையில் இருக்கும் பகுதிகளை மட்டும் தொடர்ந்து பார்ப்போம். போன் என் மேசைக்கு மேலே, கண்ணாடி அலுமாரியில் சாய்த்து வைத்திருப்பேன். யாருடைய கையும் எட்டாத உயரம் அது. பார்த்து முடிந்ததும் முதலில் அந்தத் தங்கச்சி கதைக்கட்டும். அவளைத் தெரிந்தவர்கள் சொல்லி அனுப்புங்கள். அவளுடைய முப்பது ரூபாவும் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன்,
சந்திக் கடையிலிருந்து,
ஈச்சிலம்பற்று.